ஒப்பேத்திட்டோம்ல!

கே: 'சமாளி', 'ஒப்பேத்து' இரண்டும் ஒன்றுதானே? (சேலம் வாசகர்)

ப: கடன்காரரைச் சமாளிக்கலாம். எங்கே, ஒப்பேற்றிப் பாருங்கள்! சமாளிப்பது ஆளையும் நிலைமையையும்; ஒப்பேற்றுவது வேலையையும் பண்டத்தையும். நாலு பேருக்கு வைத்த சாம்பார். வாசலில் ஆட்டோ சத்தம், இறங்குவது மூன்று பேர். ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு ஸ்பூன் அரிசி மாவுக் கரைசல், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு, ஒரு கொதி, மேலே கொத்துமல்லி. இது ஒப்பேற்றியது. "என்னம்மா, தண்ணியா இருக்கு?" என்றவரிடம், "வெயிலுக்கு இப்படி இருந்தாத்தான் நல்லது மாமா." இது சமாளித்தது.

கே: 'ஒப்பேத்து' கொச்சைதானே? (தஞ்சாவூர் வாசகர்)

ப: எழுத்தில் 'ஒப்பேற்று'. மாற்று 'மாத்து' ஆகிறதே, அதே கதை. வெளியூர்க்காரர் உண்மையில் 'சமாளி'தான். இந்தி, மராத்திப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. வந்த இடத்தில் எப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

கே: ஆங்கிலத்தின் 'இம்ப்ரொவைஸ்' இதுதானா? (கோவை வாசகி)

ப: பாதி. லத்தீன் வேரில் அதற்கு 'முன்கூட்டிப் பார்க்காதது' என்று பொருள். அதனால் அந்த ஒரே சொல்லை ஜாஸ் மேடைக்கும் காலியான சமையலறைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாம் கறார். கச்சேரியில் அது மனோதர்மம். கேட்ட மாத்திரத்தில் பாடிய காளமேகம் ஆசுகவி. ஏதோ குறைந்தால்தான் ஒப்பேற்றல். வித்வானிடம் போய், "கல்பனாஸ்வரம் பிரமாதமா ஒப்பேத்தினீங்க" என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

கே: நீங்கள் அறிந்த மிகப் பெரிய ஒப்பேற்றல்? (நெல்லை வாசகர்)

ப: 1970 ஏப்ரல், அப்போலோ 13. நிலவுக்குப் போகும் வழியில் தாய்க்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. 2 பேர் 2 நாள் தங்கக் கட்டிய நிலவுக்கலத்தில் 3 பேர் ஏறத்தாழ 4 நாள். நம் சாம்பார் கணக்கேதான். கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம், நிலவுக்கலத்தின் துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு டேப். தரையில் இருந்தவர்கள் முதலில் செய்து பார்த்து, வானொலியில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, மேலே இருந்தவர்கள் ஒட்டினார்கள். மூவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

கே: என் வீட்டுக்காரர் எல்லா வேலையையும் ஒப்பேத்தியே 20 வருஷத்தை ஓட்டிவிட்டாரே? (திருச்சி வாசகி)

ப: நீங்கள் சமாளித்திருக்கிறீர்கள்.