எத்தனை குண்டு போட்டோம்?

புதுச்சேரியில் டைரி எழுதுகிற எல்லோருக்கும் ஒரு தலைவலி உண்டு. நமக்கு முன்னாலேயே ஒருவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் பிள்ளையார் சுழி போட்டவர், 1761 ஜனவரி வரை விடவில்லை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கே துபாஷியாக இருந்த மனுஷன், அவருக்கு எழுத விஷயம் இருந்தது. கப்பல் வந்தது, நவாபு வீட்டு ஆள் வந்தார், இன்னாருக்குக் கோட்டையிலிருந்து இத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எண்ணி எண்ணி எழுதி வைத்திருக்கிறார். என் வீட்டுக்கு வருவது கேஸ் சிலிண்டர். அதற்கு யாரும் பீரங்கி போடுவதில்லை.

இருந்தாலும் எழுதுகிறோம். முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. மொத்தம் ஆறு பேர். அவரவர் டைரியிலிருந்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். கைதட்டக் கூடாது, "பிரமாதம்" சொல்லக் கூடாது. வீட்டுச் சண்டை, கடன் சமாச்சாரம் ஏதாவது குறுக்கே வந்தால் "தாண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்களில் மூத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் 15 வருஷம் இருந்து, அந்தப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். எல்லோருக்கும் அவர் முசியே. பீரங்கிப் பக்கத்தில் நின்று நின்று இடது காது போய்விட்டது, எப்போதும் வலது காதைத் திருப்பிக்கொண்டுதான் உட்காருவார். பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது என்று டைரியைப் பிரெஞ்சில் எழுதுகிறார். அந்த அம்மாள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதும், இவர் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைக்கிறார் என்பதும் எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும்.

போன தையில் ஒரு சேதி வந்தது. என் எழுத்தாளர் புதுச்சேரியில் மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். எங்கள் வட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, "நானும் வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"என் எழுத்தாளர்" என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். 1984-இல் ஒரு வாரப் பத்திரிகையில் அவர் தொடர்கதை வந்தது. வாரா வாரம் கிழித்து எடுத்து, கோணி ஊசியால் தைத்து பைண்டு பண்ணினேன். நடுவில் இரண்டு அத்தியாயம் கிடையாது, என் அத்தை அதில் அப்பளத்தைச் சுற்றி மாமாவுக்கு அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வயசு வேகத்தில் அவருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். 15 பைசா கார்டில் பதில் வந்தது: "கடிதம் கிடைத்தது. நன்றி." அந்த இரண்டு வாக்கியத்தை நாற்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாகப் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

எழுத்தாளர்களை வரவேற்பது இந்த ஊருக்குப் புதுசில்லை. 1908-இல் பாரதி வந்தார், பின்னாலேயே பிரிட்டிஷ் ஒற்றர்களும் வந்தார்கள். கி.ரா. கரிசலிலிருந்து வந்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, லாஸ்பேட்டையில் குடியிருந்தார். ரங்கப் பிள்ளை டைரியை வைத்துக்கொண்டு பிரபஞ்சன் இரண்டு நாவலே எழுதினார். இவ்வளவு பேர் புழங்கிய ஊரில் நாம் வெறும் பொன்னாடையோடு நின்றால் எப்படி?

பீரங்கி யோசனையைச் சொன்னது நான்தான். ரங்கப் பிள்ளை பேரைச் சொல்லிக்கொண்டு டைரி எழுதுகிறவர்கள், மரியாதைக்குரியவர் வந்தால் குண்டு போட வேண்டாமா? முசியே உடனே ஆமோதித்தார். எத்தனை குண்டு என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. இருபத்தொன்று ராஜாவுக்கு, எழுத்தாளருக்கு ஏழு போதும் என்றார் மருந்துக்கடைக்காரர். எங்கள் தமிழாசிரியைக்கு இதில் கோபம் வந்து, "எழுத்தாளன் ராஜாவை விடக் குறைச்சலா?" என்று எழுந்துவிட்டார். கடைசியில் என் வீட்டுப் பரணில் தீபாவளி மிச்சமாக ஒரு சரவெடி கிடப்பது நினைவுக்கு வந்தது. அது எத்தனை வெடிக்கிறதோ அத்தனை என்று முடிவாயிற்று.

அவர் வந்தார். மெலிந்த ஆள், கையில் மஞ்சள் பை, பின்னால் மருமகன். மாடிப்படியில் அவர் தலை தெரிந்ததும் பற்ற வைத்தேன். மழைக்காலம் முழுவதும் பரணில் கிடந்த சரம். புஸ் என்றது. டப், டப் என்று இரண்டு. ஒரு பெருமூச்சு. அப்புறம் மூன்றாவது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாய் மட்டும் எதிர்பார்த்ததற்கு மேல் ஒத்துழைத்தது.

அவரிடம் சொல்வதற்கு நாற்பது வருஷமாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மெருகேற்றி மெருகேற்றி, கடைசியில் ஒன்பதே சொல்லாகச் சுருக்கியிருந்தேன். அவர் எதிரில் வந்து நின்று கும்பிட்டபோது என் வாயிலிருந்து வந்தது: "சார், காபிக்குச் சக்கரை போடலாமா?"

"அரை ஸ்பூன்" என்றார். அதையும் அன்று ராத்திரி எழுதி வைத்துக்கொண்டேன்.

தமிழாசிரியை வரவேற்புரையைத் தொல்காப்பியத்தில் தொடங்கினார். சங்கத்தைத் தாண்டி, பக்தி இலக்கியத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து, அணைந்து போனதாக நினைத்த சரத்தின் வால் 'டமார்' என்றது. எழுத்தாளர் கையிலிருந்த மெதுவடை மருமகன் மடிக்குப் போயிற்று. இந்த நான்காவது குண்டைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பதுதான் பின்னால் எங்களுக்குள் பெரிய வழக்கானது.

அந்த மாதத்திலிருந்து வட்டம் கெட்டது. அவர் ஒன்றும் செய்யவில்லை. மூலையில் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. அதுவரை நான் எழுதி வந்தது இப்படி: "பால் வரவில்லை. மாவு புளித்துவிட்டது. சம்பந்தி போன் பண்ணினார், எடுக்கவில்லை." அதற்கு அடுத்த வாரம் என் டைரியைப் பார்த்தால், பால் வராத விடியலின் வெறுமை அங்கே அரைப் பக்கத்துக்குப் படர்ந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்து வாங்க வந்தவருக்கெல்லாம் ஒரு முன்கதை வைத்தார். பென்ஷன் வந்த தேதியைத் தவிர வேறு எதையும் எழுதாத முசியே, ஒரு காக்கையைப் பற்றி மூன்று பக்கம் படித்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. காக்கை செத்துவிட்டது என்பது மட்டும் குரலில் தெரிந்தது.

எழுத விஷயம் வேண்டுமே என்று ஒரு நாள் நாலரை மணிக்கே எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போனேன். சூரியோதயம் பார்த்து எழுதலாம் என்று திட்டம். காந்தி சிலைக்குப் பின்னால் யாரோ பாறையில் குந்தி, செல்போன் வெளிச்சத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர்.

"என்ன சார், இங்க?"

"வாக்கிங்" என்றார். காலில் செருப்பு இல்லை. நோட்டு வேட்டி மடிப்புக்குள் போயிற்று.

"நானும் வாக்கிங்தான்" என்று சொல்லிவிட்டு, மெய்ப்பிக்க வேண்டுமே என்று துய்ப்ளேக்ஸ் சிலை வரைக்கும் வேகமாக நடந்தேன். அங்கே தமிழாசிரியை நின்றுகொண்டிருந்தார். கடலைப் பார்த்து உதட்டை அசைத்து ஒரு உவமையை ஒத்திகை பார்க்கிறார். என்னைக் கண்டதும் "காத்து நல்லா இருக்கு, இல்ல தம்பி?" என்றார். மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் திரும்பியதில் சூரியன் எப்போது வந்தது என்று யாருமே பார்க்கவில்லை. அந்த மாதம் மூன்று சூரியோதயம் வாசிக்கப்பட்டது. ஒன்றில் செம்பொன், ஒன்றில் குங்குமம், என்னுடையதில் மாதுளை.

அதே கூட்டத்தில்தான் எழுத்தாளர் முதல் தடவையாகத் தன் நோட்டை எடுத்தார். பேரன் பாதி எழுதிவிட்டு விட்ட கணக்கு நோட்டு. மாடியில் மூச்சுச் சத்தம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்:

"5.40 எழுந்தேன். பால் 2 பாக்கெட். மோட்டார் போட மறந்துவிட்டேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, அவரே போய்ப் போட்டார். மத்தியானம் சுரைக்காய். தூங்கினேன்."

நோட்டை மூடினார்.

"சுரைக்காய்..." என்று இழுத்தார் தமிழாசிரியை. "உள்ளே ஒன்றுமில்லாத வாழ்வுக்கு அது ஒரு படிமம், இல்லைங்களா ஐயா?"

"கூட்டும்மா. கொஞ்சம் உப்புக் கம்மி."

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐம்பது வருஷமாக ஜனங்களுக்காகவே எழுதியாயிற்று, கை ஓய்ந்துவிட்டது, இங்கே பாலும் மாவும் எழுதுகிறார்கள் என்று யாரோ சொன்னதால்தான் ஆசையாக வந்தாராம். "நான் வந்த நேரமோ என்னமோ, எல்லாரும் மாதுளம்பழம் எழுத ஆரம்பிச்சிட்டீங்க" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "உங்க சம்பந்தி போனை அப்புறம் எடுத்தீங்களா இல்லையா?"

நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் "தாண்டு" என்றேன்.

போன மாதம் பேச்சு எப்படியோ அந்த வரவேற்பு நாளுக்குப் போயிற்று. அவரவர் அன்று எழுதியதைப் புரட்டினோம். என் டைரியில்: "வடை 30. பால் 2 லிட்டர். பொன்னாடை பழசு. குண்டு 4." எழுத்தாளர் நோட்டில்: "வெடி 3. வடை ஒன்று, அதுவும் போயிற்று." மருந்துக்கடைக்காரர் "சரம் நமுத்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். தமிழாசிரியை புகையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார், எண்ணிக்கை இல்லை. கடைசியில் படை அனுபவம் உள்ளவர் தீர்ப்பு சொல்லட்டும் என்று முசியேயைப் பார்த்தோம். பிரெஞ்சில் தேடினார், அந்த அம்மாளின் சிவப்பு மையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"தே" என்றார், இரண்டு விரலைக் காட்டி.

இரண்டா! ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. எனக்குத்தான் பொறி தட்டியது. ஒரு காதுக்கு இரண்டு என்றால், இரண்டு காதுக்கும் சேர்த்து நாலு. என் கணக்குதான் சரி என்றேன்.

எழுத்தாளர் பேனாவை எடுத்து, தன் நோட்டில் 3-ஐ அடித்து 4 ஆக்கினார்.