தட்டினால் ஏறும் முள்

பழைய கார் வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. வண்டி அம்பாசடராக இருக்கலாம், பிரீமியர் பத்மினியாக இருக்கலாம், பெட்டி போன்ற அந்தக் காலத்து மாருதி 800 ஆகவும் இருக்கலாம். ஆளை அடையாளம் காண ஒரே வழிதான். சாவியைத் திருப்பியதும் அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கி, டேஷ்போர்டின் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டும். பெட்ரோல் முள் விழித்துக்கொண்டு கால் டேங்க் வரை ஏறினால் முகத்தில் ஒரு திருப்தி. ஏறாவிட்டால் மூன்றாவது தட்டு. அது கொஞ்சம் பலமாக இருக்கும்.

பக்கத்து சீட்டில் புதிதாக உட்கார்ந்திருக்கும் மருமகனுக்கு வயிற்றைக் கலக்கும்.

"மாமா, முள்ளு கீழயே கிடக்குதே, பெட்ரோல் இருக்கா?"

"முள்ளைப் பாக்காதீங்க மாப்ளே. முந்தாநாள் பத்து லிட்டர் போட்டேன். திண்டிவனம் வரைக்கும் தாராளமா போகும்."

மீட்டர் வேலை செய்யாததால் அவருக்கு வேறு புலன்கள் கூர்மையாகிவிட்டன. காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டி, டேங்க்குக்குள் பெட்ரோல் அலம்பும் சத்தத்தைக் கேட்டே எத்தனை லிட்டர் என்று சொல்வார். வேகத்தைக் கதவு அதிர்வதை வைத்துச் சொல்வார். என்ஜின் சூடாகிவிட்டதா என்பதை மூக்கு சொல்லிவிடும். வேகமானி முள் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே தாண்டவம் ஆடினால், "அப்படின்னா ஐம்பது" என்று சராசரி போட்டுக்கொள்வார்.

அந்த முள் ஏன் ஆடுகிறது என்று கேட்டால் கரண்ட் கோளாறு என்பார். பழைய வேகமானிக்கும் பேட்டரி கரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கியர்பாக்ஸில் ஒரு சின்னப் பற்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனையில், மீட்டருக்குள், ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலச் சுழலக் கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் கூடவே இழுக்கப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் போகாதே என்று பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியைத்தான் முள் காட்டுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த எண்பது தொண்ணூறு ஆண்டுகள் உலகத்துக் கார்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை வைத்தே ஓடின.

முள் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன கேபிள், அல்லது எங்கோ வெடுக்கென்று வளைந்து உறைக்குள் உரசும் கேபிள். முள் அசையாமலே கிடந்தால் சோதனையும் எளிது. மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தி, உள்கம்பியின் முனை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் கோளாறு மீட்டரில். சுற்றாவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது, இல்லையேல் கியர்பாக்ஸ் பக்கம் பல் தேய்ந்திருக்கிறது.

இதை யாராவது அவரிடம் சொல்லிவிட்டால் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கேபிளுக்கு லேசாக, மீட்டரை ஒட்டிய மேல்பகுதியை விட்டுவிட்டு, கிரீஸ் தடவ வேண்டும். அவருக்கு லேசாக எதையும் செய்து பழக்கமில்லை. கை நிறைய அள்ளி முழங்கை வரை பூசிக்கொண்டு கேபிளுக்கும் பூசுவார். சுழலும் கேபிள் அந்தக் கிரீஸை மெல்ல மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டு சேர்க்கும். காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் அவர் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போகும்போது மீட்டர் நூறைக் காட்டும்.

"வண்டி இப்பத்தான் நல்லா இழுக்குது" என்பார்.

கிலோமீட்டர் எண் நின்றுபோனால் மட்டும் அவருக்குப் பதற்றமே வராது. எண் 62,000-த்தில் நின்று பல வருஷம் ஆகியிருக்கும். விசாரிப்பவர்களிடம் "அறுபத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கு, நீங்களே பாருங்க" என்று மீட்டரைக் காட்டுவார். காட்டுவது உண்மைதானே.

பெட்ரோல் முள்ளின் கதை வேறு. டேங்க்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது ஒரு கம்பிச்சுருளின்மேல் நகர்ந்து மின்தடையை மாற்றும். ஒரு ஒயர் முன்னால் வந்து முள்ளை அசைக்கும். மிதவை ஓட்டையாகி மூழ்கினால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் முள் காலி என்றே சாதிக்கும். டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றி ஒரு கணம் பாடியில் தொட்டுப் பார்த்தால் போதும். பைமெட்டல் வகை மீட்டரில் முள் 'ஃபுல்' பக்கம் மெல்ல ஏறும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லவை, பிரச்சினை டேங்க் பக்கம். ஆனால் அவர் இந்தச் சோதனைக்கு வருவதற்குள் மீட்டரை மாற்றி, ஒயரை மாற்றி, ஃபியூஸை இரண்டு முறை மாற்றியிருப்பார்.

சென்னையில் இருப்பவராக இருந்தால் புதுப்பேட்டைக்குப் போவார். அங்கே பழைய உதிரிபாகக் குவியலில் இருந்து அதே மாடல் மீட்டர் என்று ஒன்றைப் பேரம் பேசி எடுத்து வருவார். கோவைக்காரரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "எங்க ஊர்லயே மீட்டர் செய்யறாங்க, நீங்க எதுக்குங்க பழசைத் தேடறீங்க?" என்பார். பிரிக்கால் நிறுவனம் 1975-இலிருந்து அங்கேதான் வாகன மீட்டர்கள் செய்கிறது. நம்மவருக்குப் புதிது பிடிக்காது. அசல் டயல்தான் வேண்டும். அசல் டயலின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்கு அல்லது கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு அது. கியர்பாக்ஸோடு அந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் வேகமும் தப்பு, ஓடிய தூரமும் தப்பு. அவர் கண்ணாடி போடாமல் வாங்கியதால் அந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்.

பல்பு விஷயத்திலும் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. கண்ணை உறுத்தும் சிவப்பு விளக்கு எரிந்தால், காரணத்தைத் தேடுவதைவிடப் பல்பைக் கழற்றுவது சுலபம். ஆல்டர்னேட்டர் வைத்த பல பழைய கார்களில் அந்தச் சார்ஜிங் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்பைக் கழற்றினால் பல நேரம் சார்ஜே ஏறாது. இரண்டு நாள் கழித்து நடுரோட்டில் பேட்டரி இறங்கி நிற்கும்போது, புதுப் பேட்டரியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டுவார்.

கடைசியில்தான் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவார். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பானட்டைக்கூடத் திறக்க மாட்டார்.

"இண்டிகேட்டர் போடுங்க சார்."

போட்டார். விளக்கு சிமிட்டச் சிமிட்ட, பெட்ரோல் முள்ளும் கூடவே துள்ளியது.

"எர்த்து இல்ல சார். மீட்டரைத் தொட வேணாம்."

பெரியவர் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து மீட்டருக்குப் பின்னால் வைத்தார். துள்ளல் நின்றது. பெட்ரோலும் வெப்பமும் சேர்ந்தே தாறுமாறாக ஏறி நின்றால் அவர் முதலில் தேடுவது வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான். அறுபதுகளின் ஆங்கிலேய வகை மீட்டர்களில் இரண்டு முள்ளுக்கும் பத்து வோல்ட் அளவில் கரண்ட் கொடுப்பது அந்தச் சின்ன டப்பாதான். அதற்கு எர்த் விட்டுப்போனால் முழுப் பேட்டரி வோல்டேஜும் இரண்டு முள்ளுக்கும் போய்விடும். இரண்டு மீட்டரும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம், இரண்டுக்கும் பொதுவானதைப் பார் என்பதுதான் அவருடைய கணக்கு.

நம்மவரின் மகன் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். அவன் வண்டியில் கேபிள் கிடையாது, சென்சார். முள்ளை நகர்த்துவது சின்ன ஸ்டெப்பர் மோட்டார். அதற்கும் நோய் உண்டு. அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் இந்த மோட்டார்கள் செத்து, நின்ற வண்டியில் முள் அறுபதைக் காட்டிய கதைகள் ஏராளம். மகனுடைய வண்டிக்கும் பத்து வயதானபோது மீட்டர் மொத்தமும் ஒருநாள் இருண்டுவிட்டது. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலை மடக்கினார். ஒரு தட்டு. மீட்டர் எரிந்தது. போர்டில் ஈயப் பற்று காய்ந்து விரிசல் விட்டிருந்தது. பற்றவைப்பவர் அதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். ஆனால் அந்த ஒரு தட்டின் கதை உறவினர் கல்யாணங்களில் இன்னும் சொல்லப்படுகிறது.

அவருடைய சொந்தக் காரும் ஒருவழியாகச் சரியானது. பதினைந்து வயது தாண்டிய காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக எர்த், கேபிள், டேங்க் யூனிட் எல்லாவற்றையும் பெரியவரிடமே கொடுத்து முடித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் கார் வந்து நின்றது.

"என்ன சார், மறுபடியும் வந்துட்டீங்க?"

"ஹீட் முள்ளைப் பாருங்க. நடுவுல வந்து அப்படியே நிக்குது. தட்டினாலும் நகர மாட்டேங்குது."

"அது நடுவுலதான் சார் நிக்கணும்."

அவர் நம்பவில்லை. கீழே இறங்கி ரேடியேட்டர் பக்கம் போய் மோந்து பார்த்தார். பிறகு பின்னால் போய் வண்டியை ஆட்டினார். பெட்ரோல் முள் அரை டேங்க் என்றது. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு லிட்டர் ஜாஸ்தியா காட்டுது, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றார்.