பல் போனால் என்ன?

கேள்வி: பல் போனால் சொல் போச்சு என்பார்கள். காசிமேட்டில் வாங்கிய பால்சுறாவின் வாயிலோ பல்லுக்குப் பின்னால் பல். எதற்கு இத்தனை? (ராயபுரம் இல்லத்தரசி)

பதில்: முன்வரிசை வேலை பார்க்கிறது; மற்றவை முறைக்குக் காத்திருக்கின்றன. நம் பல் தாடை எலும்புக்குள் வேர்விட்டு நிற்கும். சுறாவுக்கு உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. பல் ஈறுத்தோலில்தான் பதிந்திருக்கிறது. இரையைக் கடித்து உதறும்போது கழன்றுவிடும். அடுத்தது முன்னே நகர்ந்து அந்த இடத்தைப் பிடிக்கும். சாகும்வரை இது ஓயாது. நமக்கு வாய்த்தது இரண்டே முறை; ஆயிரக்கணக்கில் பல் முளைத்து உதிரும் சுறாக்கள் உண்டு. அடுத்த முறை புட்டுக்கு வாங்கும்போது தலையை எறிவதற்கு முன் கீழ்த்தாடையின் உட்புறத்தைப் பாருங்கள். இளம்பற்கள் நுனியைக் கீழே வைத்து ஈறோடு படுத்திருக்கும். முறை வந்ததும் நிமிரும்.

கேள்வி: திருக்கையும் சுறாவுக்குச் சொந்தம்தானே? அதற்கும் அப்படியா? (காசிமேடு மாணவர்)

பதில்: மாறும் முறை அதேதான், வடிவம்தான் வேறு. சிப்பியையும் நண்டையும் நொறுக்கித் தின்னும் திருக்கைக்குக் கூர்ப்பல்லால் என்ன பயன்? தட்டையான பற்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும்.

கேள்வி: செத்த வாளை மீன்கூடக் கையைக் கிழித்துவிட்டது! (மீன் வெட்டும் அக்கா, ராயபுரம்)

பதில்: முன்னால் நீண்டிருக்கும் பற்களின் நுனியில் தூண்டில் முள்ளைப் போல ஒரு கொக்கி இருக்கிறது. வழுக்கும் இரை நழுவாமல் இருக்க வந்தது, உங்கள் விரலையும் விடவில்லை. முதலில் தலையை வெட்டிவிடுங்கள் அக்கா.

கேள்வி: நண்டுக்குப் பல் உண்டா? (எண்ணூர் வாசகர்)

பதில்: உண்டு, வயிற்றில்! மேல் ஓட்டைப் பிரித்தால் கண்களுக்குப் பின்னால் ஒரு சிறு பை தெரியும். கழுவும்போது பிய்த்து எறிவோமே, அதுதான் இரைப்பை. கீறிப் பாருங்கள்: நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று கெட்டியான பற்கள். வாயருகே பிய்த்து விழுங்கியதை உள்ளே இவை அரைக்கின்றன. நண்டு ஓடு கழற்றும்போது இந்தப் பற்களும் சேர்ந்தே உரிந்து புதிதாக வரும். இத்தனை ஏற்பாடும் சேற்றில் கிடைப்பதைத் தின்று வாழ்வதற்கு. அந்தச் சேற்றில்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது. எண்ணெய்க்கு எந்தப் பல்லும் பதில் சொல்லாது. எண்ணூர் கழிமுகத்தை நம்பிய நண்டுக்கும் நண்டு பிடிப்பவருக்கும் சேறு சுத்தமாக வேண்டும்.

கேள்வி: துறைமுகக் கிடங்கில் எலி மரத்தை விடுவதில்லை, வயரையும் விடுவதில்லை. அவ்வளவு பசியா? (திருவொற்றியூர் சுமைத் தொழிலாளி)

பதில்: பசி, வழி தேடல் இரண்டும் உண்டு, மூன்றாவதாகப் பல். எலியின் முன்பற்கள் நான்கும் வளர்வதை நிறுத்துவதேயில்லை. கீழ்ப்பல் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல். அதிலுள்ள இரும்பால்தான் அந்த ஆரஞ்சு நிறம். பின்பக்கம் மென்மை, சீக்கிரம் தேயும். அதனால் கடிக்கக் கடிக்க முனை தானாகவே கூராகும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசாமல் கோணிப்போனால் வளைந்து வளர்ந்து வாயை அடைத்து, எலி பட்டினியாலேயே சாகும்.

கேள்வி: சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எதற்கு? (மணலி வாசகர்)

பதில்: வயதுக்கு. பால்பல் விழுந்து நடுவில் ஒரு ஜோடி முளைத்தால் ‘ரெண்டு பல்லு’, ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் முளைக்க நான்கு வயதுக்கு மேலாகும். மேல்வாயில் தேடாதீர்கள், முன்பக்கம் அங்கே பல்லே இல்லை, கெட்டியான ஈறுதான்.

கேள்வி: பட்டினப்பாலையில் பரதவர் நட்டு வணங்கும் சுறவின் கோடு பல்லா, கொம்பா? (தமிழாசிரியை, தண்டையார்பேட்டை)

பதில்: இரண்டும் இல்லை. ரம்பம் போல் நீண்ட மூக்குள்ள வேளா மீனைச் சொல்கிறது என்றே எனக்குப் படுகிறது. ரம்பத்தின் இருபுறமும் நிற்பவை தோல் செதிலிலிருந்து உருமாறி வந்தவை. வாய்க்குள் இருக்கும் பல் விழுந்தால் மீண்டும் முளைக்கும். ரம்பத்துப் பல் அடியோடு பெயர்ந்தால் போனது போனதுதான். எந்த வலையானாலும் அந்த மூக்குதான் முதலில் சிக்குகிறது. அதனாலேயே இன்று காண்பதே அரிதாகிவிட்டது. 2001 முதல் வேளா மீன்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் மாணவர்களின் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்களாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள்: சிக்கினால் வலையை அறுத்தாவது உயிரோடு விட்டுவிட வேண்டும்.