மைலேஜ் மாமா

ஒவ்வொரு குடும்பத்திலும் ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரிந்தவர் ஒருவர், லிட்டருக்கு 24 கிலோமீட்டர் வாங்கியவர் ஒருவர் என்று மூன்று பேராவது இருப்பார்கள். முதல் இருவரையும் நாம் தேடிப் போகவேண்டும். மூன்றாமவர் தாமாகவே வருவார். புதுக் கார் வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை வாடுவதற்குள் வந்து நிற்பார். வண்டி என்ன நிறம், ஏர்பேக் எத்தனை, கடனா ரொக்கமா, எதுவும் அவருக்கு வேண்டாம். சந்தையில் கறவை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்பக்கம் நின்று கேட்பார்: "எவ்வளவு குடுக்குது?"

நாம் எதைச் சொன்னாலும் அவர் வண்டி அதைவிட நாலு கூடக் கொடுக்கும். "பதினெட்டா? ஆக்ஸிலேட்டர மிதிக்கிறீங்க மாப்ளே. மிதிக்கக் கூடாது. தொடணும்."

எங்கள் சொந்தத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் விழுப்புரத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். (மைலேஜ் மாமாக்கள் சர்வீஸில் இருக்கும்போது அரும்பு விடுவார்கள், மலர்வது ரிட்டயர்மென்டுக்கு அப்புறம்தான்.) கார்புரேட்டர் வைத்த மாருதி 800 காலத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு'. கல்யாண நாளைக் கேட்டால் அத்தையைத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் எந்த வருஷம் எந்த மாதம் வண்டி பதினைந்துக்குக் கீழே இறங்கியது என்று கேளுங்கள். நோட்டைத் தொடாமல் சொல்வார்: "சோக் கேபிள் மாட்டிக்கிச்சு. கண்டுபிடிக்கறதுக்குள்ள ரெண்டு டேங்க் போச்சு."

அவர் பங்க்குக்குப் போவது காலை ஆறு மணிக்கு. அந்நேரம் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இறங்குமாம். விஞ்ஞானம் பாதி தூரம் அவரோடு வரும். ஒரு டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரிவது உண்மை. ஆனால் பங்க்கின் டேங்க் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. மேலே விடிந்ததா உச்சிவெயிலா என்பது அதற்கு எட்டாது. இதைச் சொன்னால் மாமா மறுக்கமாட்டார். ஆறு மணிக்குக் கூட்டம் இருக்காது, சோதனைகளை நிதானமாகச் செய்யலாம் என்பார்.

சோதனைகள் என்றால் வரிசையாக நடக்கும். முதலில் போர்டில் எழுதியிருக்கும் அடர்த்தி 720-க்கும் 775-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஃபில்டர் பேப்பரை வாங்கி ஒரு சொட்டு விட்டு, கறை இல்லாமல் காய்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். சந்தேகம் தீராவிட்டால், பங்க்கில் வைத்திருக்கவேண்டிய 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தை எடுத்துவரச் சொல்வார். இதையெல்லாம் கேட்க நம் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஊரில் அந்த உரிமையைப் பயன்படுத்தும் ஒரே குடிமகன் அவர்தான் என்பதால், வண்டி திரும்பும்போதே பையன்கள் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள்.

கையில் காசு குறைவான நாட்களில் 500 ரூபாய்க்குப் போடமாட்டார். முழு ரூபாய்க்கு மிஷினில் ஏதோ 'செட்டிங்' இருக்கிறது என்று ஊரே நம்பி 510-க்குப் போட ஆரம்பித்தது. அப்படியானால் செட்டிங்கும் 510-க்கு மாறியிருக்குமே என்று யோசித்து மாமா 517-க்குப் போனார். அது இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஃபுல் டேங்க் நாள் திருவிழா. கன் தானாக 'டக்' என்று நின்றால் நமக்கு நிரம்பிவிட்டது. மாமாவுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். இறங்கி, பின்பக்கம் இடுப்பைக் கொடுத்து வண்டியை ஆட்டுவார். "காத்து வெளிய வரட்டும் தம்பி. இன்னும் முந்நூறு மில்லி ஏறும்." கழுத்து வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி கழுத்து வரை நிரப்பினால்தான் கணக்குச் சரியாக வரும் என்பது அவர் கட்சி. மேலே விட்ட இடம் பெட்ரோல் விரிவதற்கானது, தளும்ப நிரப்பினால் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டருக்குள் பெட்ரோலே இறங்கி அதைக் கெடுக்கும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். அந்த மெக்கானிக்கை மாற்றியாகிவிட்டது.

மாமாவின் ஜென்மப் பகை புனேயில் இருக்கிறது. ஏ.ஆர்.ஏ.ஐ. என்று பெயர். கார் விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண்ணுக்குச் சான்று கொடுக்கும் அமைப்புகளில் அதற்குத்தான் பெயர் அதிகம். அங்கே வண்டி ரோட்டில் ஓடுவதில்லை. உருளைகள்மேல் நின்ற இடத்திலேயே, வகுத்துவைத்த வேகங்களில் சக்கரத்தைச் சுற்றும். எதிரே மாடு வராது. திண்டிவனம் டோல்கேட் கிடையாது. பின்சீட்டில் மைத்துனர் கிடையாது. அப்படி வாங்கிய மதிப்பெண்ணைத் தெருவில் வாங்க முடியாது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். மாமாவால் முடியவில்லை. முதல் ஃப்ரீ சர்வீஸின்போது நோட்டோடு போய், "எனக்கு ரெண்டரை கிலோமீட்டர் பாக்கி" என்று கேட்டவர் அவர்.

பாக்கியை வசூலிக்க அவர் எடுத்த முதல் ஆயுதம் எடைக் குறைப்பு. டிக்கியில் இருந்த ஜாக்கி போயிற்று, டூல்ஸ் போயிற்று, ஸ்டெப்னியும் வீட்டுக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே அமர்ந்தது. (வளவனூர் தாண்டி ஒரு ராத்திரி பங்க்சர் ஆனபோது அத்தை கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.) பொருள் தீர்ந்ததும் பார்வை மனிதர்கள் பக்கம் திரும்பியது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மைத்துனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு டிரெயின் சௌகரியம்" என்றார். மாமியார் வீட்டில் கொடுத்த 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார்.

அந்த மூட்டைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் மைலேஜ் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 25 கிலோவுக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கிற வண்டியில் அது 25 மில்லி, அதாவது இரண்டரை ரூபாய். பஸ்ஸில் மூட்டைக்கு வாங்கிய லக்கேஜ் பணம் எவ்வளவு என்று கேட்டேன். அது பெட்ரோல் கணக்கில் வராது என்றார்.

புதுச்சேரிப் பயணமும் இதே சாதி. அங்கே வரி குறைவு. பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மலிவு. விழுப்புரத்திலிருந்து போய்வர எண்பது கிலோமீட்டர், நாலு லிட்டர், நானூறு ரூபாய் சொச்சம். முப்பது லிட்டர் நிரப்பினால் மிச்சம் நூற்றைம்பது. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "கூட்டல் சரியா இருக்கு" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

கருவிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது. 1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகைப் பெட்ரோல் செய்தி கிளம்பித் தமிழ்நாடே கிறங்கிக் கிடந்தபோது, மாமா ஒரு காலி கேனைக் கழுவிக் காயவைத்தார். விவகாரம் சி.பி.ஐ., கோர்ட் என்று போனபிறகும் கேன் பத்திரமாக இருந்தது. அப்புறம் பெட்ரோல் குழாயில் கட்டுகிற காந்தம் வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே சொருகினால் பச்சை விளக்கு சிமிட்டுகிற டப்பா வந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகளைச் சோதித்து, உருப்படியாக மைலேஜ் கூட்டுகிற எதையும் காணோம் என்று கைவிரித்துவிட்டது. மாமாவும் டப்பாவைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பச்சை விளக்கும், அதைச் சிமிட்ட வைக்கும் சாமானும் மட்டும் இருந்தன. மூடித் திரும்பச் சொருகிவிட்டார். டயருக்கு நைட்ரஜன்தான். நாம் இழுக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்றால், "மீதி இருபத்திரண்டுதான் மாப்ளே பிரச்சினை" என்பார்.

ஓட்டும் விதத்தில் மட்டும் அவரை முழுதாகச் சிரித்து ஒதுக்க முடியாது. 1978-இல் தொடங்கிய பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டரில் போனால் எண்ணெய் மிச்சம் என்று சொல்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்கு. அதை எந்தக் காந்தமும் மாற்றாது. மாமா 48-இல் போகிறார். போகட்டும். ஆனால் நாலுவழிச் சாலையில் வலது ஓரத்து லேனில் போகிறார். இடது பக்கம் டூவீலர் குறுக்கே வருமாம், பிரேக் போடவேண்டுமாம், போட்ட பிரேக் எல்லாம் எரித்த பெட்ரோலாம். பின்னால் அரசு விரைவுப் பேருந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே வரும். மெதுவாகப் போனால் கண்ணாடியை இறக்கலாம், வேகத்தில் ஏ.சி.தான் லாபம் என்கிற விதியும் அவருக்குத் தெரியும். எல்லைக்கோடு அறுபது என்று அவரே வகுத்திருக்கிறார். வண்டி ஐம்பதைத் தாண்டுவதே இல்லை என்பதால், அக்னி நட்சத்திரத்திலும் அந்த ஏ.சி. கன்னி கழியாமல் இருக்கிறது.

ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மாமா நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தார். சரிவில் எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்கவேண்டும். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் தலையில் விழுந்து, அது சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். இவ்வளவு துணிச்சலுக்கும் மிச்சமாவது சொட்டுப் பெட்ரோல் என்றாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் நின்றுவிடாமலிருக்கக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருக்கவேண்டும். கார்புரேட்டரோடு போகவேண்டிய வித்தையை அவர் இன்னும் வைத்திருக்கிறார். "நீங்க சொல்றது புது வண்டிக்கு" என்றார். அவர் வண்டியும் புதுசுதான்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்த பழைய மாதிரிக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இத்தனை வருஷத்தில் மாமாவுக்கு ஆதரவாக ஓர் அரசாங்கக் காகிதம் வந்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறார். கலப்பு வருவதற்கு நாலு வருஷம் முந்திய குறைவுகளுக்கும் இப்போது அதையே காரணமாக எழுதிக்கொண்டு வருகிறார்.

போன மாதம் கண் ஆபரேஷன் ஆகி அவர் படுத்திருந்தபோது அத்தை வண்டியை எடுத்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டக் கற்றவர். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், கடலூருக்கு மகள் வீட்டுக்குப் போனார், இரண்டு பேத்திகளையும் ஒரு பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். ஏ.சி. போட்டிருந்தார். மீட்டருக்குப் பக்கத்தில் மைலேஜ் ஏறி இறங்குவதைக் காட்டும் கட்டம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தூரத்தில் சிக்னல் சிவப்பானால் காலை எடுத்துவிடுவார், பச்சையானால் பதறாமல் கிளம்புவார், அவ்வளவுதான்.

கண்கட்டு அவிழ்த்த அன்று மாமா பங்க்குக்குப் போய்க் கழுத்து வரை நிரப்பி, கணக்குப் போட்டார். அவருடைய ஆறு மாதச் சராசரியைவிட ஒன்றே முக்கால் கூட. மறுபடி போட்டார். பையனை விட்டுப் போடச் சொன்னார். அப்புறம் நோட்டை விரித்து, குறிப்புக் கட்டத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'பின்காற்று.'

"போறப்பவுமா, வர்றப்பவுமா?" என்று அத்தை கேட்டார்.

"கடற்கரை ஊர்ல காத்து மாறும்" என்றார் மாமா.