பூட் பார்ட்டிஷனுக்குக் கூடுதல் இடம் கோரும் மனு

அனுப்புநர்:
சூடோ அதிகாரம் இருந்தும் கையாலாகாத ஒரு லினக்ஸ் பயனர்.

பெறுநர்:
உயர்திரு இன்ஸ்டாலர் அவர்கள்,
'எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்' பிரிவு,
முகாம்: பென் டிரைவ்.

பொருள்: கணினி அப்கிரேடு – பூட் பார்ட்டிஷன் நிரம்பி வழிதல் – இடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பிழை எண் 28, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'.

ஐயா,

வணக்கம். புதிய பதிப்பு வந்துவிட்டது, மாறிக்கொள் என்று திரையின் மூலையில் ஓயாமல் முரசறைந்ததை மதித்து, நல்ல நேரம் பார்த்து அப்கிரேடைத் தொடங்கினேன். பாக்கேஜ்கள் இறங்கின, பிரிந்தன, ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. புதிய கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் எழுதும் கட்டம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. இடமில்லையாம்.

டிஎஃப் போட்டுப் பார்த்தேன். ரூட்டில் முக்கால்வாசி தரிசாகக் கிடக்கிறது. பூட்டில் மட்டும் 512 எம்பியும் தீர்ந்து நூறு சதவீதம்.

இந்தப் பாகப்பிரிவினையை எழுதியவர் தாங்கள். 'டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்', 'என்கிரிப்ட் செய்' என்ற இரண்டு பெட்டிகளில் டிக் அடித்ததோடு என் பங்கு முடிந்தது. அதன் பிறகு யாரையும் கேட்காமல் முன்வாசலில் பூட்டுக்கு ஒரு துண்டு அளந்துவிட்டு, அதை ஒட்டியே லக்ஸ் என்ற என்கிரிப்ஷன் மதிலை எழுப்பிவிட்டீர்கள். இப்போது பூட்டை நீட்ட வேண்டுமானால், மதிலுக்குள் போய் முதலில் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க வேண்டும். பிறகு லாஜிக்கல் வால்யூம், பிறகு பிசிக்கல் வால்யூம், பிறகு பார்ட்டிஷன். வரிசை ஓரிடத்தில் தவறினாலும் டேட்டா போச்சு. தவறாமல் முடித்தாலும், மதிலின் தொடக்கத்தைத் தள்ளிவைக்க உள்ளே இருக்கும் அத்தனையையும் நகர்த்தியாக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. ஈஎக்ஸ்டி4 என்பதால் பேச்சுவார்த்தைக்காவது வழியிருக்கிறது. மவுண்டைக் கழற்றினால் அது சுருங்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் வளரச் சொன்னால் வளரும், சுருங்கச் சொன்னால் முறைக்கும்.

பூட்டைத் தனியே பிரித்ததற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. பழைய பயோஸ்களுக்கு 1024ஆவது சிலிண்டருக்கு அப்பால் கண் தெரியாது. கெர்னல் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டியிருந்தது. இன்று என்கிரிப்ட் செய்த பகுதியைத் திறக்கும் ஏற்பாடே இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருப்பதால் அது வெளியே படுக்க வேண்டியிருக்கிறது. சரி. வெளியே படுப்பவருக்குக் கால் நீட்டவாவது இடம் விட்டிருக்கலாம் அல்லவா?

அவரும் இளைக்கிற ஆளாக இல்லை. கிராபிக்ஸ் கார்டுகளின் ஃபர்ம்வேர் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே வருகிறது. டெபியன் வழிவந்த கணினிகளில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பைத் திறந்தால், 'மாட்யூல்ஸ்' என்ற வரிக்கு நேரே 'மோஸ்ட்' என்றிருக்கும். என் கணினியில் இல்லாத, இனி இருக்கவும் போகாத வன்பொருளுக்கெல்லாம் டிரைவர் அதில் மூட்டை கட்டப்பட்டிருக்கிறது. அதை 'டெப்' என்று மாற்றினால் இந்தக் கணினிக்கு வேண்டியது மட்டும் ஏறும், மூட்டை நன்றாகவே இளைக்கும். இந்த யோசனையைப் பிழைச் செய்தியோடு ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் தங்கள் கௌரவத்துக்கு என்ன குறைந்திருக்கும் என்று தெரியவில்லை.

சரி, பழைய கெர்னலையாவது வெளியேற்றலாம் என்று ஏப்டியிடம் போனேன். பாதியில் நிற்கும் வேலையை முதலில் முடி என்றது. முடிக்கப் போனால், புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடமில்லை என்றது. இடத்துக்கு என்ன வழி என்றால், பழைய கெர்னலை நீக்கு என்றது. மூன்று கவுண்டரிலும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் புறவழிதான் கைகொடுத்தது. யூநேம் போட்டு இப்போது ஓடும் கெர்னல் எதுவென்று பார்த்துக்கொண்டு, அதைத் தொடாமல், அதற்கும் பழைய கெர்னல் ஒன்றின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் கையாலேயே அழித்தேன். பிறகு டிபிகேஜியை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னதும், ஒன்றும் நடக்காதது போல வேலை முடிந்தது. தங்கள் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தால்தான் தங்கள் விதிகள் ஓடுகின்றன.

2025இல் வெளிவந்த டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். பூட்டுக்குக் குறைந்தது 768 எம்பி, அதில் ஏறத்தாழ 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து இடம் போதாவிட்டால், மறுபடி இன்ஸ்டால் செய்வதே சுலபமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். வாசற்படி குறுகல் என்று புகார் கொடுத்தால், வீட்டை இடித்துக் கட்டிக்கொள் என்று ஆணை.

துணிந்து வேறிடத்தில் பெரிய பூட்டை உருவாக்கி ஃபார்மட் செய்பவர்களின் கதை தனி. ஃபார்மட் செய்ததும் யுயுஐடி மாறிவிடும். எஃப்எஸ்டேபில் பழைய எண்ணே நிற்கும். அடுத்த முறை கணினி எழும்போது, காலமாகிவிட்ட அந்த எண்ணுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். அங்கே பராமரிப்புக்கு ரூட் கணக்கு வேண்டும். சில டிஸ்ட்ரோக்களில் அந்தக் கணக்கைத் தாங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். கதவருகில் நின்று அதையும் திரையில் அறிவிக்கிறீர்கள்.

அவசரமில்லை ஐயா. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் முதல் டிஸ்க்கில் கொள்ளாமல், இரண்டாவது டிஸ்க்கில் இருந்த யுஎஸ்ஆருக்கு வழிந்தது. இப்படி இடப் பற்றாக்குறையால் ரூட்டிலும் யுஎஸ்ஆரிலுமாகப் பிரிந்த இரண்டு 'பின்' டைரக்டரிகளை ஃபெடோரா 2012இல் ஒன்றுசேர்த்தது. டெபியன் அதைக் கட்டாயமாக்க 2023 ஆயிற்று. துறையின் வேகம் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு வேலைக்கு அரை நூற்றாண்டு தேவையில்லை. முதல் பாக்கேஜை இறக்குவதற்கு முன்பே, வரப்போகும் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் பூட்டில் கொள்ளுமா என்று ஒரு கூட்டல் கழித்தல் போட்டு, கொள்ளாவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். சில டிஸ்ட்ரோக்களின் அப்கிரேடு கருவிகள் இந்தக் கணக்கை ஏற்கெனவே போடுகின்றன. பார்த்து எழுதினால் காப்பியடித்தல் என்று யாரும் வழக்குப் போட மாட்டார்கள். உரிமம் அதற்காகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனர்.

நகல்: எஃப்எஸ்டேப் அவர்களுக்கு, தகவலுக்காக. (ரீட்-ஒன்லியில் இருப்பதால் பதில் எதிர்பார்க்கவில்லை.)