ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்க்காமலே வரைவது எப்படி?

மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருக்கும் ஓவியர்களுக்கு ஒரு பெருங்குறை உண்டு. பஸ் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து தொலைக்கிறது. கோட்டை, காவிரி, வெயில் எல்லாம் கண்ணில் பட்டுவிட்டால் ரொமான்டிக் ஓவியம் எங்கிருந்து வரும்? 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்ததை வரைந்து பேர் வாங்கிய பிரிட்டிஷ் ஓவியர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலே ஏறாதவர்கள். அவர்கள் போட்ட பாதையில் நாமும் நடப்போம்.

1. ஊர்ப்பக்கம் போகாதீர்கள். ராபர்ட் ஹோம் என்பவர் 1791-92 போரில் கார்ன்வாலிஸ் படையோடு மைசூர்ச் சீமைக்கே வந்து, நேரில் பார்த்து வரைந்தார். அவரைத் தெரியுமா உங்களுக்கு? டர்னரைத் தெரியுமல்லவா? டர்னர் லண்டனில் இருந்தபடியே சுமார் 1800இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை நீர்வண்ணத்தில் தீட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. இன்று அந்தப் படம் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2. ஆறப்போடாதீர்கள். ராபர்ட் கெர் போர்ட்டர், கோட்டை விழுந்து ஓராண்டு முடிவதற்குள் சுமார் 120 அடி நீளத்துக்குப் போர்க்காட்சி வரைந்து, லண்டன் லைசியத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். கூட்டம் அலைமோதியது. பிறகு அந்தத் துணி தீக்கிரையானது. அதற்கென்ன, வசூல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

3. ஆறப்போட்டாலும் பாதகமில்லை, விதவையிடம் ஆர்டர் இருந்தால். கோட்டையைத் தாக்கிப் பிடித்த ஜெனரல் பேர்டின் மனைவி கேட்க, டேவிட் வில்கி 40 ஆண்டு கழித்து, 1839இல், திப்புவின் உடலைப் பேர்டு கண்டெடுக்கும் காட்சியைக் காட்சிக்கு வைத்தார். உயரம் சுமார் பதினொன்றரை அடி. ராத்திரி, லாந்தர் வெளிச்சம், கீழே சுல்தான், மேலே விறைப்பாகப் பேர்டு. பேர்டின் காலடியில் ஒரு கம்பிக் கிராதி வைப்பதை மறக்கக் கூடாது: 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் பிடிபட்ட அதே பேர்டு, ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் மூன்றாண்டுக்கு மேல் கிடந்தவர். கணக்கைத் தீர்த்துவைக்கத்தானே கிராதி!

4. பணம் தருபவர் தோற்கும் சண்டையை வரையாதீர்கள். இது வெள்ளைக்காரருக்கு மட்டுமான விதி அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு வரையவைத்தது புள்ளலூர்ப் போரைத்தான். அங்கே தோற்றுப்போன ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிராதியும் இல்லை, லாந்தரும் இல்லை. ஜெயித்தவர் வீட்டுச் சுவர் அல்லவா?

5. பயணம் போயே தீருவேன் என்றால், கடைசியில் போங்கள். பிரெஞ்சு ஓவியர் தெலாக்ரவா அசீரிய மன்னன் சர்தனபாலஸின் சாவை 1827இல் வரைந்து முடித்தார். மொராக்கோவுக்குப் போனது 1832இல். வில்கியும் 1840இல்தான் கிழக்கே புறப்பட்டார், அதுவும் துருக்கி, பாலஸ்தீனப் பக்கம். திரும்பும் வழியில் 1841இல் கப்பலிலேயே இறந்தார். அந்தக் கடல் அடக்கத்தையும் டர்னர் வரைந்தார். நேரில் பார்க்காமல்தான்.

ஆகவே, மண்டி மொஹல்லாக்காரரே, அறைக் கதவைத் தாழிட்டு முதலில் படத்தை முடியுங்கள். பிறகு பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள். படத்தில் இருப்பது ஊரில் இல்லையென்றால் பதறவேண்டாம். ஊரைத் திருத்தச் சொல்லி மனு கொடுங்கள்.