பச்சையைக் கண்டா பதறு, தம்பி

வெள்ளை ஷூ போட்டு வந்திருக்கியே தம்பி, ரொம்ப நல்ல காரியம். எதுவரைக்கும் முங்கினேன்னு வீட்டுக்குப் போய் ஸ்கேல் வச்சு அளந்துக்கலாம். கறுப்பு ஷூவுல அந்த வசதி கிடையாது.

கூட ரெண்டு நாய் வேற. பெருசு லாப்ரடார், தெரியுது. இந்தச் சின்னது? டாக்ஸ்ஹண்டா! லட்சணமாத்தான் இருக்கு, காலை மட்டும் எங்கயோ மறந்து வச்சுட்டு வந்திருச்சு. சரி, கோவிச்சுக்காதே. இந்தக் கல்லுமேல உட்காரு. கெஸ்விக்ல இருந்து ஆஷ்னஸ் பாலம் தாண்டி, எதிர்ல வர்ற காருக்கெல்லாம் ரிவர்ஸ் எடுத்து எடுத்து வந்த களைப்பு தீரட்டும்.

இங்கிலாந்து மலைக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருக்கிற எங்க வாட்டெண்ட்லத்துல அப்படி என்ன இருக்கு? ஒரு கல்பாலம், ஒரு குட்டை, நாலஞ்சு வீடு. ஹியூ வால்போல்னு ஒருத்தர் 1931ல ‘ஜூடித் பாரிஸ்’னு நாவல் எழுதி, கதாநாயகியை இங்கன குடிவச்சுட்டுப் போயிட்டார். அன்னையில இருந்து, பிறக்கவே பிறக்காத பொம்பளைக்கு வீடு எதுன்னு கேட்டு ஜனம் வருது. நாங்களும் சளைக்காம கையைக் காட்டிக்கிட்டுதான் இருக்கோம்.

நீ வந்தது நடக்கறதுக்கு. மேப்புல விரலால ஒரு வட்டம் போட்டுக் காட்டினியே, அழகா இருந்துச்சு. தெக்கே ஏறி டாக் டார்ன் குளம், அங்கிருந்து கிழக்கே ப்ளீ டார்ன் குளம், அப்புறம் முகட்டு வேலியைப் பிடிச்சுக்கிட்டு வடக்கே ஹை டோவ், மறுபடி சரிவுல இறங்கினா நம்ம ஊர். ஒன்பது கிலோமீட்டர் சுமாரு வரும். ஹை டோவ் உச்சி வெறும் 515 மீட்டர். ஊரே 260 மீட்டர்ல இருக்கு. ஏற்றம் ஒண்ணும் ஏற்றமே இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிருவேன்னு சொன்னே. திரும்புவே தம்பி. எந்த நாள் மத்தியானம்னு மட்டும் வீட்டுல சொல்லிடாதே.

ரெண்டு வாரமா மழை இல்லைன்னு போன்ல பார்த்தியாம். மலை போன் பார்க்காது. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு பாரோடேல்ல சீத்வெய்ட்டுன்னு ஒரு குக்கிராமம். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் கொட்டும். இங்கிலாந்துல ஜனம் குடியிருக்கிற இடத்துலயே அதுதான் அதிகம். அதுக்குமேல ஹானிஸ்டர் கணவாய்ல 2015 டிசம்பர்ல 24 மணி நேரத்துல 341.4 மில்லிமீட்டர் பெய்ஞ்சு, இந்த நாட்டுக்கே சாதனை ஆகிப்போச்சு. நம்ம முகட்டுல பெய்யற தண்ணியில கிழக்கே சரிஞ்சது தேர்ல்மியர் ஏரிக்குப் போகுது. 1894ல இருந்து மான்செஸ்டர்காரன் அதைக் குழாயில பிடிச்சுக் குடிக்கிறான். மேற்கே சரிஞ்சது லோடோர் அருவியா விழுந்து டெர்வெண்ட்வாட்டர் ஏரியில சேருது. எந்தப் பக்கம் போறதுன்னு முடிவெடுக்க முடியாத தண்ணி பூராவும் நடு முகட்டுல உட்கார்ந்துகிட்டு இருக்கு. நீ போற வழி அதுதான்.

டாக் டார்ன் வரைக்கும் உனக்குச் சிரமமே இருக்காது. ஹெதர் புதரும் பாறையும் சுத்தி நிக்க, நடுவுல அல்லி மிதக்கும். ஆகஸ்ட்ல வந்தா கரையெல்லாம் ஊதாப்பூ. அங்க போய் நின்னதும் ‘இதுக்கா அந்தக் கிழவன் இவ்வளவு பயங்காட்டினான்’னு நினைப்பே. நினைச்சுக்கோ. பெருசு தண்ணியில பாய்ஞ்சு குளிச்சுட்டு வந்து, உன் பக்கத்துல நின்னுதான் உதறும். எத்தனை பரந்த மலை இருந்தாலும் அதுக்கு உதற எசமான் பக்கத்துலதான் இடம்.

ப்ளீ டார்னுக்குக் கிளம்பும்போதுதான் பாதைங்கறது பேருக்குப் போயிரும். இங்க நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கு. ஹெதர் இருக்கிற இடம் ஓரளவு காய்ஞ்ச இடம், தைரியமா மிதி. கோரை நின்னா ஈரம். ஆனா வேர் பிடிப்பு இருக்கும், தூர்மேல கால் வச்சுத் தாண்டிரலாம். வெள்ளை வெள்ளையாப் பஞ்சுப்புல் ஆடுச்சுன்னா அடியில நல்ல ஊறல். இதுக்கெல்லாம் நடுவுல பளபளன்னு இளம்பச்சையில, இப்பத்தான் யாரோ மெத்தை விரிச்சுட்டுப் போன மாதிரி ஒரு இடம் கண்ணுல படும். டவுன்காரங்க எல்லாரும் நேரா அங்கதான் கால் வைப்பாங்க. அது ஸ்பேக்னம் பாசி. தன் காய்ஞ்ச எடையைப்போல 20 மடங்கு தண்ணியைக் குடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாததுபோல நிக்கும்.

இந்த இடத்துல உன் லாப்ரடாரைக் கவனி. மூக்கை வைக்கும். ஒரு முன்னங்காலை வைக்கும். பாசி லேசா அலை ஆடும். நகத்தைச் சுத்திக் கறுப்புத்தண்ணி கொப்புளிக்கும். காலை எடுத்துட்டு உன்னை ஒரு பார்வை பார்க்கும். ‘என்னடா பயந்தாங்கொள்ளி’ன்னு நீ முன்னால போவே. பொளக்!

பயப்படாதே, ஆளை விழுங்கற அளவுக்கு அபூர்வமாத்தான் இருக்கும். காலை மேலே வெடுக்குன்னு இழுத்தியோ, கால் வரும், ஷூ வராது. குதிகாலை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டி, காத்து உள்ளே போக விட்டு எடு. கறுப்பா ஒட்டிக்கிட்டு வருதே, அது பீட். பாசி செத்து, அழுகவும் முடியாம, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல சேர்ந்தது. முழங்கால் வரைக்கும் இறங்கினா ஒரு ஐந்நூறு வருஷம் கீழே போயிருக்கேன்னு கணக்கு. இடுப்பு வரைக்கும்னா ஆயிரம். நார்வேக்காரங்க இந்த மலையில வந்து குடியேறின காலத்தை எட்டியிருப்பே. செலவில்லாத சரித்திரப் படிப்பு.

முகட்டு வேலியைப் பிடிச்சுட்டா வழி தப்பாது, மூடுபனியில அதுதான் தெய்வம். ஆனா எல்லாரும் அதை ஒட்டியே மிதிச்சு மிதிச்சு, வேலியோரம்தான் படுமோசமான சகதி. பார்வையில வேலியை வச்சுக்கிட்டு, நாலு எட்டு தள்ளியே நட. வேலி தாண்டற இடத்துல சின்னவனை நீதான் தூக்கணும். அவன் வயித்துல ஒட்டின சேறெல்லாம் உன் சட்டைக்கு வந்துரும், அதையும் கணக்குல வச்சுக்கோ. மலைமலையா ஏறி வழிகாட்டிப் புத்தகம் போட்டாரே வெயின்ரைட், கெண்டல் நகராட்சிப் பொக்கிஷக்காரர், அவர் இந்தப் பக்கத்தை 1958ல ஒரு தொகுதியா எழுதினார். இந்த ஈர முகட்டுமேல அவருக்கும் பெரிய காதல் கிடையாது. புத்தகம் வித்த காசைப் பிராணிகளைக் காப்பாத்தறதுக்குக் கொடுத்தவர், அதனால நாய்க்காரங்க யாரும் அவரைக் குறை சொல்லாதீங்க.

இப்பச் சொல்லப்போறது விளையாட்டு இல்லை. கயிறு எங்கே? பையிலயா? பைக்கு எதுக்குக் கயிறு, அது ஓடிப்போகாதே. திறந்த மலைவெளியில மார்ச் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் ரெண்டு மீட்டருக்குள்ள கயிறு போட்டுத்தான் நாயைக் கூட்டிப் போகணும், சட்டம். ஆடுமாடு பக்கத்துல இருந்தா வருஷம் முழுக்கவே அப்படித்தான். ‘எங்க நாய் கடிக்காது, சும்மா விளையாடும்’னு ஆரம்பிக்காதே. ஆட்டுக்கு அது தெரியணுமே? சினையாட்டை விரட்டினா அந்த ஓட்டத்துலயே குட்டி கலைஞ்சுரும். எங்க ஹெர்ட்விக் ஆடுகளுக்கு இந்த மலையில குறுக்குவேலி கிடையாது. எது தன் எல்லைன்னு ஆத்தாகிட்ட குட்டி கத்துக்கும், அந்தக் குட்டிகிட்ட அதோட குட்டி கத்துக்கும். அதைக் கலைச்சு அடுத்த மலைக்குத் துரத்திவிட்டா, தேடி மேய்க்கப் போறது நீயா? வேற வழியில்லாத நிலையில, ஆட்டை விரட்டற நாயைச் சுடறதுக்குக்கூடச் சட்டத்துல இடம் இருக்கு. அந்த வேலையை எந்த விவசாயியும் ஆசைப்பட்டுச் செய்யறதில்லை.

மாடு துரத்தினா மட்டும் கயிறை விட்டுடு. நாய் தப்பிச்சுக்கும், நீதான் மெதுவா ஓடறவன்.

இன்னும் என்ன? மேல போன் சிக்னலை நம்பாதே, மேப்பும் காம்பஸும் எடுத்துக்கோ. காலை ஒடிச்சுக்கிட்டா விசிலை நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊது; சிக்னல் கிடைச்சா 999 அடிச்சு, போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேணும்னு சொல்லு. கெஸ்விக் குழு 1947ல இருந்து இருக்கு. சம்பளம் வாங்காம, பாதிச் சாப்பாட்டுல எழுந்து வர்றவங்க. சேத்துல மாட்டின ஷூவை எடுக்கறதுக்கெல்லாம் அவங்களைக் கூப்பிட்டுறாதே. இறங்கி வந்ததும் ரெண்டு நாய்க்கும் உண்ணி பாரு, முக்கியமா அந்தச் சின்னவனுக்கு வயித்துல.

போயிட்டு வா. திரும்பறப்ப என் வீட்டுல டீ உண்டு. நாய் ரெண்டும் நேரா அடுப்படிக்கு வரலாம். நீ மட்டும் வாசல்லயே நில்லு, அங்கயே கொண்டுவந்து தர்றேன்.